இன்னும் ஒரு வருஷம்

“என் பொண்ணை ஃபெயில் போட்டுடுங்க, டீச்சர்.”

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை உடனே நிமிரவில்லை. மேசைமேல் முப்பத்திரண்டு மதிப்பெண் அட்டைகள் இருந்தன. கையிலிருந்த அட்டையில் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிவிட்டுத்தான் அவரைப் பார்த்தாள்.

“என்ன சொன்னீங்க?”

“ஃபெயில். இன்னும் ஒரு வருஷம் அஞ்சாவதுலயே உக்காரட்டும்.”

சொன்னவர் கடைத்தெருவில் ஜன்னல் கண்ணாடி அறுத்து விற்கிறவர். விரலெல்லாம் கோடு கோடாகப் பழைய வெட்டுகள். பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

வருஷத்தின் கடைசி நாள். சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பிள்ளைகள் காலையிலேயே உரித்து எடுத்துவிட்டார்கள். காய்ந்த பசைத் திட்டுகள்தான் மிச்சம். பாடம் கிடையாது என்பதால் வகுப்பு மொத்தமும் மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தது. அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குப்பையைப் பாதியில் விட்டுவிட்டு, துடைப்பத்தோடு வெளியே நழுவினாள்.

“காலையில இருந்து ஏழு பேர் வந்துட்டுப் போயாச்சு. அரை மார்க்குக்கு மல்லுக்கு நிக்கிறாங்க. ஃபெயில் போடுன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்.”

“பெத்தவங்க எழுதிக் கொடுத்தா ஒரு வருஷம் நிறுத்தி வைக்கலாமாமே. விசாரிச்சேன்.” சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். “எழுதியே கொண்டாந்துட்டேன்.”

ஆசிரியை பிரித்துப் படித்தாள். “‘உடல் வளர்ச்சி போதாத காரணத்தால்...’ கிளாஸ்லயே அவதான் உயரம். அவளைப் பின்னாடி நிக்க வச்சாத்தான் போட்டோவுல மத்த பிள்ளைங்க மூஞ்சி தெரியுது.”

“வேற என்ன எழுதறதுன்னு தெரியல.”

“கணக்குல தொண்ணூத்தெட்டு. இவளுக்கு ஃபெயில் போட்டா ஹெச்.எம். என்னைத்தான் ஃபெயில் போடுவாரு.”

“வாய் ஓயாம பேசறான்னு போடுங்க.”

“அது உண்மைதான். ஆனா பேச்சுக்கெல்லாம் ஃபெயில் கிடையாது.”

அவர் பெஞ்சில் யாரோ காம்பஸால் கீறி வைத்திருந்த பூவை நகத்தால் சுரண்டினார். “பெரிய ஸ்கூல் ரொம்பத் தூரம், டீச்சர்.”

“அதுக்குத்தான் பஸ் இருக்கே. வாசல்லயே ஏத்திக்கும், வாசல்லயே இறக்கி விடும்.”

“அதுதான் டீச்சர் பிரச்சினையே!”

சத்தமாகச் சொல்லிவிட்டார். வராந்தாவில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“அவ அவங்க அம்மாவோட இருக்கா. உங்களுக்குத் தெரியாததில்ல. சாயங்காலம் இங்கேர்ந்து அந்த வீட்டு கேட் வரைக்கும் நான் கூட்டிட்டுப் போகலாம், அதோட சரின்னு பேச்சு. அவங்க பெரியம்மா கதவைத் திறந்து உள்ள கூட்டிக்குவாங்க. பதினஞ்சே நிமிஷம். அதுக்காக மூணு மணிக்கே கடையைச் சாத்திடறேன். யார் யாரோட டூ விட்டா, யாருக்குப் பல்லு விழுந்துச்சு, எல்லாத்தையும் அதுக்குள்ள கொட்டிடுவா. நான் மெதுவா நடந்தாலும் அவ விடமாட்டா, கையைப் பிடிச்சு இழுத்துட்டே போவா. ரோட்டைக் கடக்கிற இடத்துல வண்டி வரிசையா வந்தாத்தான் எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் கிடைக்கும். ஜூன்ல இருந்து அதுவும் இல்ல.”

ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“இதை அவகிட்ட சொன்னீங்களா?”

“இல்ல. புதுப் பையெல்லாம் வாங்கி வச்சிருக்காளாம். சொன்னா அழுவா.”

“அப்ப உங்க பதினஞ்சு நிமிஷத்துக்காக அவளோட ஒரு வருஷத்தை எடுத்துக்கப் பாக்கறீங்க.”

அவர் விரலிலிருந்த பழைய வெட்டு ஒன்றைத் தடவினார்.

“அவங்க அம்மா இதுக்குச் சம்மதிப்பாங்கன்னு நினைச்சீங்களா?”

“மாட்டாங்க. கேட்டுப் பாக்கலாம்னுதான் வந்தேன்.”

அவராகவே தாளை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “தப்புதான். நீங்க பாஸே போடுங்க.”

அடுக்கின் நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவி, ஆசிரியை ‘தேர்ச்சி’ என்று எழுதினாள். எழுத்து வழக்கத்தைவிடச் சற்றுக் கோணலாக விழுந்தது.

மணி நீளமாக அடித்தது. மைதானத்தின் கூச்சல் மொத்தமும் வாசலை நோக்கி ஓடியது. அதிலிருந்து பிரிந்து, சட்டையெல்லாம் பேனா மையும் முழங்காலெல்லாம் மண்ணுமாக ஒரு பெண் உள்ளே ஓடிவந்தாள். கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டாள்:

“வருஷம் முடிஞ்சு போச்சு. இனிமே ஸ்கூல்லயும் உன்னை டீச்சர்னு கூப்பிட வேண்டாம்லம்மா?”

“வேண்டாம்” என்று அட்டையை மகளிடம் நீட்டிய ஆசிரியை, அவரைப் பார்க்காமலே சொன்னாள்: “பஸ்ஸுக்கு நான் பேர் கொடுக்கல. பெரிய ஸ்கூல் நாலு மணிக்கு விடுது, அங்கேர்ந்து வீட்டுக்கு நடக்க முக்கால் மணி நேரமாகும்... லேட்டாகாம வந்துடுங்க.”