கடைசி அடுக்கு

“படகு பன்னெண்டு மணிக்குக் கிளம்பிடும் அண்ணே. அதுக்குள்ள உங்க தலைவர் சரின்னு சொல்லலைன்னா இந்தப் பெட்டியெல்லாம் எதிர்த் தீவுக்குப் போயிடும். நான் சுவாவுல குடோன்ல உக்காந்து ஒயர் சுத்திக்கிட்டு இருப்பேன்.”

பிலிமோனே புலம்பினான். தலைநகர் சுவாவிலிருந்து வந்த நெட்வொர்க் என்ஜினியர் அவன். செல்போன் கோபுரத்துக்கு இடம் கிடைக்காமல் ஏற்கெனவே இரண்டு தீவுகளிலிருந்து திரும்பியவன். இதுவும் கைநழுவினால் வேலைக்கு வேட்டு என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

“பதறாத தம்பி. யங்கோனா வேர் கொண்டாந்தியா?” என்றார் ஊர்ப் பொறுப்பாளர் பெதேலி.

“பெரிய கட்டா கொண்டாந்திருக்கேன்.”

“அப்போ பாதி வேலை முடிஞ்சுது. மீதியை முறைப்படி கேப்போம்.”

முறை என்றால் முறைதான். பிலிமோனே கேட்பதைப் பெதேலி வாங்கி ரவுவாமாவிடம் சொல்வார். தலைவருக்காகப் பேசுவது ரவுவாமாவின் பரம்பரை உரிமை. அவர் தலைவர் வீட்டுக்குள் போய்ப் பதிலோடு வருவார். அவர் சொன்னால் தலைவர் சொன்ன மாதிரி. கையெழுத்து, முத்திரை எதுவும் தேவையில்லை.

வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ரவுவாமா வேர்க்கட்டை வாங்கிக்கொண்டு, மரியாதைக்கு மூன்று முறை கைதட்டிவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வந்தார்.

“தலைவர் கேக்கறார். ரக்பி மேட்ச் நடுவுல நிக்காம ஓடுமா?”

“ஓடும்னு சொல்லுங்க!” பெதேலியைத் தாண்டிக் கத்திவிட்டான் பிலிமோனே.

ரவுவாமா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெதேலி அதையே மெதுவாகத் திருப்பிச் சொன்ன பிறகுதான் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மறுபடி வந்தபோது நாக்கு லேசாகத் தடித்திருந்தது. அந்த வேரை இடித்துக் கரைத்த போதைப் பானத்தில் தலைவர் ஒரு சிரட்டை கொடுத்து உபசரித்திருப்பார் என்று பிலிமோனே நினைத்துக்கொண்டான்.

“தலைவர் கேக்கறார். அனுப்புற சேதி முழுசாப் போய்ச் சேருமா?”

இந்தமுறை பிலிமோனே ஒழுங்காகப் பெதேலியைப் பார்த்துச் சொன்னான். “சேதியைத் துண்டு துண்டா நறுக்கி, நம்பர் போட்டு அனுப்புவோம் அண்ணே. ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பக்கத்துலேர்ந்து ‘வந்துச்சு’ன்னு பதில் வரணும். வரலைன்னா அந்தத் துண்டைத் திரும்ப அனுப்புவோம்.”

“நடுவுல எவனாவது படிச்சுட்டான்னா?” என்றார் பெதேலி.

“அது அடுக்கடுக்கா நடக்கற வேலை. ஒவ்வொரு அடுக்கும் தன் உறையை மட்டும் பிரிக்கும், அடுத்தவன் உறைக்குள்ள மூக்கை நுழைக்காது. நம்ம கதையையே பாருங்க. நான் உங்ககிட்ட சொல்றேன், நீங்க அவர்கிட்ட சொல்றீங்க. அதுக்குக் கீழ, வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கெதுக்கு? பதில் ஒழுங்கா வருது, அது போதும்.”

பெதேலிக்குத் திடீரென்று இருமல் வந்தது. “நல்ல ஏற்பாடு தம்பி” என்றார், வாயைப் பொத்திக்கொண்டு.

மூன்றாம் முறை ரவுவாமா தூணைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். “தலைவர் சொல்றார். ரவுவாமா வீட்டுப் பக்கம் சிக்னல் நல்லா வரணும்.”

“உங்க வீட்டு மேல தலைவருக்கு இவ்ளோ அக்கறையா?”

“அவருக்குப் பெரிய மனசுன்னு சொல்லு” என்றார் ரவுவாமா, பெதேலியிடம்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. “தலைவர் சம்மதிச்சுட்டார். குன்று மேல வெச்சுக்கலாம்!”

பிலிமோனேவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூடிய கதவைப் பார்த்துக் குனிந்தான். “தலைவரை ஒரே ஒரு தடவை பாத்து நன்றி சொல்லிக்கட்டுமா அண்ணே?”

“இப்போ பாக்க முடியாது தம்பி” என்றார் பெதேலி அவசரமாக.

படகு பெட்டிகள் இல்லாமல் கிளம்பிப் போனது. நான்காம் நாள் சாயங்காலம் குன்றின் மேல் கோபுரம் நின்றது. ஊரே அடிவாரத்தில் கூடியது. முதல் வீடியோ அழைப்பு தன் உரிமை என்று சொல்லி, ரவுவாமா பெதேலியின் போனைப் பிடுங்கி ஒரு நம்பரை அழுத்தினார்.

“எங்க பேசறீங்க?” என்றான் பிலிமோனே.

“ஆஸ்திரேலியாவுக்கு.”

திரையில் அழுக்குத் தொப்பி, ரப்பர் பூட்ஸோடு ஒரு பருத்த மனிதர் தெரிந்தார். தோளில் ஆரஞ்சுப் பழக் கூடை. யாரோ ஊர்க்காரர் பழத்தோட்டத்தில் கூலி வேலைக்குப் போயிருக்கிறார் போல என்று நினைத்து, பிலிமோனே உற்சாகமாகக் கையாட்டினான்.

அவனைச் சுற்றி நின்ற மொத்த ஊரும் சட்டென்று தரையில் உட்கார்ந்து தலைகுனிந்தது.

“ரவுவாமா!” என்று போன் அதிர்ந்தது. “பின்னால என் குன்று மேல என்னய்யா அது கோபுரம்? யாரைக் கேட்டு வெச்சீங்க?”

ரவுவாமா மூன்று முறை கைதட்டிவிட்டுப் பணிவாகச் சொன்னார்: “நீங்க அங்க போய் ரெண்டு வருஷமாச்சு தலைவரே. உங்களைக் கேக்கணும்னா முதல்ல இதை வெச்சாகணுமே!”