இடது முழங்கைத் தழும்பு

ஞானசேகரின் இடது முழங்கையில் ஒரு தழும்பு. கோலி ஆட்டத்தில் தோற்றவர், கோலியை முழங்கையாலேயே குழிவரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒன்பது வயதில் பிலோமினாவிடம் தோற்றுத் தள்ளியதில் உரிந்தது அது. அதைத் தடவும்போதெல்லாம் அவன் ஒரு சிரிப்புச் சிரிப்பான். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து அவன் மனைவி வசுமதிக்கு வயிறு எரிந்தது. அவன் வேலைக்குப் போனதும் கொல்லையில் குழி தோண்டி, நான்கு மாதம் விரல் வீங்க வீங்கக் கோலியடித்துப் பழகினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டு ஆடி, ஜெயித்தே விட்டாள்.

“ம், தள்ளுங்க.”

அவன் வலது முழங்கையை மண்ணில் ஊன்றித் தள்ளினான். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வசுமதி இடுப்பில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்தவன் முகத்தில் அதே சிரிப்பு.

“அவளும் இப்படித்தான்டி நின்னா.”