மணிமாறனின் தொப்பி

அபுதாபி ருவைஸ் பிளான்ட் ஊழியர்களின் பேண்ட் வாத்தியக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. டூட்டியில் மாட்டிக்கொண்டவரின் நாற்காலியில் அவருடைய பேண்ட் தொப்பியை வைத்துவிட்டு வாசிப்பார்கள். பஸ்ஸூன் ஊதிய மணிமாறன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. உடலோடு அந்த நீளக் குழலும் தேனிக்குப் போய்விட்டது. அன்றைய கச்சேரியிலும் பழக்கதோஷத்தில் தொப்பியை மட்டும் யாரோ நாற்காலியில் வைத்திருந்தார்கள்.

பேண்டை நடத்தும் கோபாலசாமி அந்த நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஊதுகுழல்களுக்கென்றே எழுதப்பட்ட அந்தப் பழைய ஜெர்மன் அணிவகுப்பு மார்ச், அடியில் பஸ்ஸூனின் கட்டைக்குரல் இல்லாவிட்டால் நொண்டும்.

கையை உயர்த்தினார். மார்ச் நொண்டவில்லை. கட்டைக்குரல் எல்லா இடத்திலும் சரியாக வந்தது. திரும்ப வாசிக்கும் இடத்தில் மட்டும் வழக்கம்போல் அரைத் தாளம் முந்தியது. மற்றவர்களும் வழக்கம்போல் ஓடிப் பிடித்துக்கொண்டார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

"அப்பாடா, மானம் தப்பிச்சுது சார்," என்றாள் கிளாரினெட் வாசிக்கும் பானுப்பிரியா.

"ஆமாம்மா. ஆனா மனுஷன் இன்னும் அவசரத்தை விடலை பாரு," என்று சிரித்தார் கோபாலசாமி.

நாற்காலிகளை மடக்கும்போது அந்தத் தொப்பியை எடுத்தார். உள்பட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஏசி குளிரில் விறைத்திருந்த விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது.