இல்லாத சொல்

மனம் ஒரு சொல்லை எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்பது மதியொளியின் ஆய்வு. திரையில் வருவது உண்மையான சொல் என்றால் பச்சைப் பொத்தான், இல்லையென்றால் சிவப்பு. ‘நிமுக்கினாள்’ அவளே கட்டிய பொய்ச் சொல். ஏற்கெனவே இருவர் அதற்குப் பச்சை அழுத்தியிருந்தார்கள். மூன்றாமவரும் அழுத்தினால் அந்தச் சொல்லை நீக்க வேண்டும், அதற்கு எடுத்த நேர அளவுகளெல்லாம் வீண். சோதனைக்கு மூன்றாவதாக வந்த பஸ் கண்டக்டர் ராஜாமணி கொஞ்சமும் தயங்காமல் பச்சையை அழுத்தினார்.

“அண்ணே, அப்படி ஒரு சொல்லே கெடையாது.”

“என்னம்மா நீ, படிச்ச பொண்ணு. ஒட்டிக்கிட்ட ரெண்டு டிக்கெட்ட இப்படித் தேச்சுப் பிரிக்கிறோம்ல, அதான்.” கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்ல உரசின. “சரி, நீயே சொல்லு. இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?”

மதியொளி தன் விரல்களையும் அதே மாதிரி உரசிப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, சொல்லை உண்மைச் சொற்களின் பட்டியலில் சேர்த்தாள்.