இடம்வலம் மாறிய அளவுகோல்

ரேடியோ ரிப்பேர்க் கடையில் சர்க்யூட் போர்டுத் துண்டு ஒன்று மிச்சமாகக் கிடந்தது. செலவில்லாமல் ஒரு அளவுகோல் ஆகட்டுமே என்று கடைக்காரர் கோடும் எண்ணும் அச்சடித்த தாளை அதன் செம்புப் பக்கத்தில் குப்புறப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். தாளின் மை செம்பில் ஒட்டிக்கொண்டது. மை படாத செம்பைக் கரைத்துவிட்டுப் பார்த்தால், கோடுகள் கச்சிதம். எண்கள்தான் இடம்வலம் மாறி விழுந்திருந்தன.

கடையிலிருந்த ஸ்டீல் ஸ்கேல் விழுந்து விழுந்து சிரித்தது. “தம்பி, உன்னைப் படிக்கணும்னா கழுத்தைத் திருகிக்கணும் போல!”

அளவுகோலுக்கு அழுகை முட்டியது. குப்பைக் கூடைதான் கதி என்று அது நினைத்திருந்தபோது, பக்கத்து சலூன்காரர் வந்து, “வேண்டாம்னா எனக்குக் குடுங்க” என்று வாங்கிப் போனார்.

சலூனில் கத்தரிக்கோல் புலம்பியது. “மீசை ஒரு பக்கம் குறைஞ்சுபோச்சுன்னு தினமும் சண்டைப்பா!”

சலூன்காரர் அளவுகோலை ஒரு வாடிக்கையாளரின் மூக்குக்குக் கீழே பிடித்தார். அவர் எதிரே கண்ணாடியைப் பார்த்தார். அதில் எண்கள் நேராகத் தெரிந்தன. “அட, ரெண்டு பக்கமும் சரியா இருக்கே!” என்று மீசையை முறுக்கினார். அளவுகோலுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ரேடியோக் கடைக்காரர் முடிவெட்ட வந்தார். அவர் சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல் நீட்டிக்கொண்டிருந்தது. அளவுகோல் அதைக் கண்ணாடியில் பார்த்துப் பதறிப்போனது.

“ஐயையோ அண்ணே, உங்க நம்பரெல்லாம் எப்ப இப்படித் திரும்பிப் போச்சு?”