மேல் பலகை

தாம்பெரே நகர மாணவர் விடுதியில் வியாழன் மாலை நீராவிக் குளியலறை பெண்களுக்கு. யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் பிஹ்லா போவாள். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து கடைக்காரியைத் தவிர வேறு யாரோடும் அவள் பேசியதில்லை.

ஆவி எழ, சூடான கற்களில் தண்ணீர் ஊற்றுமுன் கூட இருப்பவர்களைக் கேட்பது அங்கே மரியாதை. அன்று காலி அறையில் விளையாட்டாகக் கேட்டாள்.

"ஊத்தட்டுமா?"

"ஊத்து, ஊத்து. குளிர் எலும்பு வரைக்கும் ஏறிக் கெடக்கு," என்றது உட்காரும் படிகளின் மேல் பலகையிலிருந்து ஒரு குரல்.

எங்கோ கேட்ட குரல். மங்கிய வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. பிஹ்லாவுக்குப் பயம் வரவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அதனிடம் கொட்டினாள். நடுவே இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெளியே வந்தபோது, பக்கத்து அறை ரோன்யா துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வந்திருக்கலாமே?"

"நீங்க ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சுட்டு இருந்தீங்க. நடுவுல நான் எதுக்குன்னு இங்கயே உக்காந்துட்டேன். அவ இன்னும் உள்ளதானே இருக்கா?"

கேட்டுக்கொண்டே ரோன்யா உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"ஊத்தட்டுமா?" ரோன்யா தயங்கித் தயங்கிக் கேட்பது வெளியே நின்ற பிஹ்லாவுக்குக் கேட்டது.

"ஊத்து, ஊத்து," என்றது உள்ளேயிருந்து, பிஹ்லாவின் குரல்.