பங்காருவுக்கு வந்த கேசட்

“பங்காரு, கூண்டுக்குள்ள போ பாப்போம். பயப்படாத, சாயி இங்கதான இருக்கேன்.”

டேப்ரெக்கார்டரில் மகளின் குரல் கேட்டதும், திருத்தணி மலைப்படியோரக் கடையைச் சாத்திவிட்டு வந்த குமாரசுவாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவர் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டு ஜெர்மனிக்குப் போனவள் சாய்லக்ஷ்மி. “இனி எங்ககிட்ட பேசாத” என்று அவர் சொன்னதை இரண்டு வருஷமாகக் காப்பாற்றி வருகிறாள். அவள் கேட்டதெல்லாம், தான் வளர்த்த நாயை விமானத்தில் அனுப்பும்படி மட்டும்தான். அதுவரை பங்காரு தன் குரலை மறக்கக் கூடாது, கூண்டுக்கும் பழக வேண்டும் என்று மாதம் ஒரு கேசட் அனுப்பினாள். அதில் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது.

கேசட் முடிந்த பிறகே அவர் உள்ளே வந்தார்.

“எத்தினி மாசமா பழக்கிகினு கீற? ஊசி போட்டாச்சி. பொதட்டூர்பேட்டை ஆசாரிகிட்ட கூண்டும் செஞ்சாச்சி. அனுப்பித் தொலைக்க வேண்டியதுதான?”

“குரல் இன்னும் பழகலங்க. இன்னொரு கேசட் வரட்டும்,” என்ற அவர் மனைவி ருக்கு, காலால் தரையைத் தட்டினாள். கூண்டில் படுத்திருந்த பங்காரு எழுந்து சோற்றுத் தட்டுக்கு வந்தது.

அந்தக் குரல் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும்வரை குமாரசுவாமிக்குச் சோறு இறங்காது. மறுநாள் காலை, பயண சர்டிபிகேட் வாங்க அவரே நாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் கண்ணையும் பல்லையும் பார்த்தார். பின்னால் நின்று எவர்சில்வர் தட்டை ஓங்கித் தட்டினார். பங்காரு திரும்பவே இல்லை.

“மத்ததெல்லாம் நல்லா இருக்குங்க. காதுதான் சுத்தமா கேக்கல. ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்கும். இதுக்காகப் பயணத்த நிறுத்த வேணாம்,” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ருக்கு எதற்காகக் காலால் தரையைத் தட்டுகிறாள் என்பது வீடு திரும்பும் வழியில்தான் அவருக்கு உறைத்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று வேகமாக நடந்தார்.

வாசலை நெருங்கியபோது, உள்ளே கேசட் ஓடிக்கொண்டிருந்தது. நாயோ அவர் பக்கத்தில் நின்றது.

“சாப்ட்டியா பங்காரு?”

“சாப்ட்டேன் கண்ணு,” என்றாள் ருக்கு.

நிமிர்ந்தவள் அவரைப் பார்த்துப் பதறி, டேப்பை நிறுத்தினாள். “சர்டிபிகேட் குடுத்துட்டாருங்களா?”

குமாரசுவாமி சட்டைப் பையிலிருந்த காகிதத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

“இல்ல. குரல் இன்னும் பழகலயாம். இன்னொரு கேசட் அனுப்பச் சொல்லி எழுது.”